அறையைக் கழுவாதீர்கள்

விடுதி நடத்துபவர்களே, சென்ற வாரமும் அதே கதைதான். விடுதி அறையில் ஒருவரைத் தாக்கி நகையையும் பணத்தையும் பறித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டார். தடயம் எடுக்க நாங்கள் போனபோது அறை முழுவதும் பினாயில் வாடை. விரிப்பு சலவைக்குப் போயிருந்தது, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். “கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்குமே சார்” என்றார் மேலாளர்.

இந்தக் கேமரா நம்பிக்கையை எத்தனை முறைதான் மறுப்பது? கேமரா இருப்பது வராந்தாவில். தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவன் உள்ளே போனான், வெளியே வந்தான் என்று காட்டும். உள்ளே தாக்கிய கை எது என்று காட்டாது. “பேசிவிட்டுத்தான் வந்தேன், நான் கிளம்பும்போது நன்றாக இருந்தார்” என்று பிடிபட்டவன் சொன்னால் எதைக் கொண்டு மறுப்பது? நகைப்பெட்டியின் உட்புறத்தில் பதிந்த அவன் ரேகை, குழாய்த் திருகில் இறந்தவரின் ரத்தத்தோடு பதிந்த விரல் தடம், இவைதான் மறுக்கும். கைது செய்துவிடலாம், வழக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே!

அமெரிக்காவில் கென்டக்கி, இண்டியானா மாநிலங்களின் ஐ-65 நெடுஞ்சாலையோர மோட்டல்களில் 1987, 1989 ஆண்டுகளில் இரவுப் பணியிலிருந்த மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். அன்று எடுத்த தடயங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால், உறவினர் வழி மரபணு ஒப்பீட்டில் 2022இல் கொலையாளி யார் என்று தெரிந்தது. அவன் 2013லேயே இறந்துவிட்டான். ஆனாலும் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. கழுவிய தரையில் நாங்கள் யாருக்கு என்ன விடை தேடுவது?

உயிர் இருந்தால் முதலில் 108. காப்பாற்றுவதற்காக எதை நகர்த்தினாலும் தவறில்லை. எதை நகர்த்தினீர்கள் என்று பிறகு எங்களிடம் சொல்லுங்கள், போதும். அடுத்து போலீசுக்கு 112. அறையைப் பூட்டிச் சாவியை ஒருவரே வைத்திருங்கள். ஏசி, மின்விசிறி இருந்தபடியே இருக்கட்டும். உள்ளேயே இறந்திருந்தால், இறந்த நேரத்தைக் கணிக்க அறையின் வெப்பநிலை வேண்டும். ரத்தம் பட்ட ஈரத்துணியைத் தயவுசெய்து பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துத் தடயமே கெட்டுவிடும். வந்தவன் கையெழுத்திட்ட பதிவேட்டையும், அவன் தந்த அடையாள அட்டை நகலையும் ஆளாளுக்குப் புரட்டாதீர்கள். அவற்றிலும் ரேகை உண்டு.

துப்புரவுப் பணியாளர்களிடம் இன்றே பேசுங்கள். கழுவச் சொன்னால் கழுவுகிறார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. இப்படி ஒன்று நடந்தால் அந்த அறைக்குள் போகவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்தத் தளத்தின் குப்பைத் தொட்டியையும் நாங்கள் பார்க்கும்வரை கொட்ட வேண்டாம்.