மேலே ஒரு காற்று, தெருவில் ஒரு காற்று

எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்தார்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வெட்டவெளியில் இந்தக் கணக்கு தப்பாது. வாடை வீசும்போது தீப்பிடித்தால் புகை தெற்கே போகும். ஆனால் இரண்டு பக்கமும் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் தெருவில், அதே வாடை தரைமட்டப் புகையை வடக்கே தள்ளும். அதாவது, காற்று எங்கிருந்து வந்ததோ அங்கேயே.

காற்று தெருவுக்குக் குறுக்கே வீசும்போதுதான் இப்படி நடக்கிறது. கூரைகளுக்கு மேல் வேகமாகப் போகும் காற்று தெருவுக்குள் முழுதாக இறங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. போகிற போக்கில் தெருவுக்குள் இருக்கும் காற்றையும் உரசி இழுக்கிறது. இழுபட்ட காற்று எதிர்ப்பக்கக் கட்டடத்தில் மோதிக் கீழே இறங்குகிறது. தரையோடு தரையாகத் திரும்பி வந்து, காற்று வரும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பிடித்து மேலே ஏறுகிறது. தெருவின் நீளத்துக்கு ஒரு உருளையைப் படுக்கவைத்து உருட்டியது போன்ற சுழல் இது. நடுத்தெருவில் புகை கிளம்பினால், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கட்டடத்தின் தெருப்பக்கச் சன்னல்களில்தான் அதிகம் அடையும். 'காற்று அந்தப் பக்கம்தானே போகிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் வீட்டில்!

இதை மேசைமேல் செய்து பார்த்தேன். ஒரே உயரமுள்ள இரண்டு தடித்த புத்தகங்களை, அவற்றின் உயரம் அளவுக்கே இடைவெளி விட்டு, எதிரெதிரே நிறுத்தினேன். நடுவில் தரையோடு புகைகிற மாதிரி ஒரு ஊதுபத்தித் துண்டு. மேசை விசிறியைத் தள்ளி வைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். புகை முதலில் தடுமாறியது. அப்புறம் தரையோடு சாய்ந்து விசிறி இருக்கும் திசைக்கே நகர்ந்து, முதல் புத்தகத்தின் உட்பக்க அட்டையைத் தடவிக்கொண்டு ஏறியது. எத்தனை முறை படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது திகைப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாத் தெருவிலும் இப்படிச் சுழல் உருவாகுமா? கட்டட உயரத்தைத் தெரு அகலத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். நகரங்களின் தட்பவெப்பத்தை ஆராய்ந்த திமோத்தி ஓக் 1988இல் இதை வகைப்படுத்திக் காட்டினார். விகிதம் சுமார் 0.7ஐத் தாண்டினால், அதாவது 10 மீட்டர் அகலத் தெருவில் கட்டடங்கள் 7 மீட்டருக்கு மேல் போனால், காற்று மேலாக வழுக்கத் தொடங்கிவிடும். கட்டடங்கள் தெரு அகலத்தைப்போல் இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சுழல்கள் உருவாகலாம். கீழ்ச்சுழல் எதிர்த்திசையில், மிக மெதுவாகச் சுற்றும். அதில் மாட்டிய புகை எளிதில் வெளியேறாது.

சரி, தீப்புகை சூடானது, மேலே எழும்பிப் போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் புகையின் அடர்த்தி சாதாரணக் காற்றில் ஏறக்குறைய பாதிதான். அதனால் காற்றில்லாத நேரத்தில் அது நேராக எழும்பிக் கூரைகளைத் தாண்டிவிடும். காற்று வலுக்க வலுக்கப் புகைத்தூண் சாயும். ஒரு கட்டத்தில் சுழல் அதை மடக்கித் திரும்பத் தெருவுக்குள்ளேயே இழுத்துவிடும். மேலெழும் விசைக்கும் காற்றின் வேகத்துக்கும் நடக்கும் இந்த இழுபறியை அளக்கும் எண்ணுக்கு, கப்பல்களை ஆராய்ந்த 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் பெயர்.

பெரிய தீயின் புகையை மடக்கப் பலத்த காற்று வேண்டும், சின்னத் தீயின் புகைக்கு இளங்காற்றே போதும். இதைப் பலரும் யோசிப்பதில்லை. கொழுந்துவிட்டு எரியும் தீ நம்மைப் பயமுறுத்துகிறது. ஆனால் கனன்று புகையும் குப்பைக் குவியலின் புகைக்கு மேலே எழும்பச் சூடு போதாது; அது தெருவிலேயே தங்கி, நாம் மூச்சுவிடும் உயரத்தில் சுற்றும். போதாக்குறைக்கு, கனன்று எரிவது அரைகுறை எரிதல் என்பதால், எரியும் பொருளின் அளவோடு ஒப்பிட்டால் கார்பன் மோனாக்சைடு அதிகமாகவே வரும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரப் புகை வடமேற்குக் காற்றில் புரூக்ளின் பக்கம் போனதை விண்வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. இடிபாடுகளோ டிசம்பர் வரை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன. அந்த வாரங்களில் காற்று திசைமாறும்போதெல்லாம் சுற்றுவட்டாரத் தெருக்களில் புகைநெடி வந்து போனது.

காற்று தெருவின் நீளவாக்கில் வீசினால் கதை எளிது: குழாய்க்குள் போவதுபோலப் புகை ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் செறிவு ஏறக்குறைய பாதியாகும். சிக்கல் முச்சந்தியிலும் நாற்சந்தியிலும்தான். அங்கே கட்டட மூலைகளில் காற்று பிய்ந்து சுழன்று, ஒரு பங்கு புகையைப் பக்கத்துத் தெருக்களுக்குள் இழுத்துவிடும்.

கட்டடத்துக்குள்ளும் காற்று புகுந்து விளையாடும். காற்றைப் பார்த்த சன்னல் தீயில் உடைந்தால், காற்றழுத்தம் சூடான புகையை அறையிலிருந்து தாழ்வாரத்துக்கும் அங்கிருந்து படிக்கட்டுக்கும் தள்ளும். 2008இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில், காலியான 7 மாடிக் கட்டடம் ஒன்றில் தீவைத்து இதைச் சோதித்தார்கள். தீப்பிடித்த வீட்டின் கதவைச் சாத்திவைப்பது எவ்வளவு பெரிய தடுப்பு என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது.

காற்று வரும் பக்கத்திலிருந்து தீயை நெருங்கு என்பது தீயணைப்பில் பாலபாடம். தெருவில் அது எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. மொட்டைமாடியில் பறக்கும் துணி ஒரு திசையைச் சொல்லும், தரையில் உருளும் காகிதத்துண்டு வேறு திசையைச் சொல்லும். புகை நம் மூக்குக்கு எந்தப் பக்கமாக வரும் என்று தெரிய வேண்டுமானால் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதையும் தீக்குப் பக்கத்தில் பார்க்கக் கூடாது. எரியும் தீ தனக்கு வேண்டிய காற்றை நாலாபக்கமும் தரையோடு உறிஞ்சும். காற்று பலமாக இல்லாவிட்டால் அங்கே காகிதம் தீயை நோக்கித்தான் நகரும்.