‘கன்வெர்ஷன்’: உருமாறாமல் வகைமாறும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்றால் தண்ணீர். ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்றால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று. முதலில் வந்தது பெயர்ச்சொல், அடுத்து வந்தது வினைச்சொல். இரண்டுக்கும் நடுவே எழுத்தும் மாறவில்லை, உச்சரிப்பும் மாறவில்லை, முன்னாலோ பின்னாலோ ஒட்டும் சேரவில்லை. ஒரு சொல் தன் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு சொல்வகைக்குப் போய்விடுவதைத்தான் ‘கன்வெர்ஷன்’ என்கிறார்கள்.

‘கான்வெர்ட்டெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. அதற்குள் இருக்கும் ‘வெர்ட்டெரே’ என்பதற்குத் திருப்புதல் என்று பொருள். ஆங்கிலேய மொழியியலாளர் ஹென்றி ஸ்வீட் 1890களில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் இந்தச் சொல்வகை மாற்றத்தை இதே பெயரில் விளக்கியிருக்கிறார். மொழியியலில் இதற்கு ‘ஜீரோ டெரிவேஷன்’ என்ற பெயரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத, ஒலியே இல்லாத ஓர் ஒட்டு சேர்ந்துதான் சொல்லின் வகை மாறுகிறது என்பது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கருத்து. இல்லாத ஒட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வதைவிட, சொல் திரும்பி நின்றது என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சுதந்திரம் எப்படி வந்தது? விகுதிகளை இழந்ததால் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் ‘லுஃபு’, அன்பு செலுத்துதல் என்ற வினை ‘லுஃபியன்’. மறுமொழி ‘ஆண்ட்ஸ்வரு’, மறுமொழி சொல்லுதல் ‘ஆண்ட்ஸ்வரியன்’. விகுதியைக் கேட்டதுமே பெயரா வினையா என்று தெரிந்துவிடும். பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் இந்த இறுதிகள் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தன. மிஞ்சியது ‘லவ்’ ஒன்றுதான், ‘ஆன்சர்’ ஒன்றுதான். பெயருக்கும் அதே உரு, வினைக்கும் அதே உரு. இப்படிப் பல சொற்கள் இணை இணையாகக் கிடைத்ததும், அந்த அச்சிலேயே புதுச் சொற்களை வார்ப்பது எளிதாகிவிட்டது. ‘பாட்டில்’ வினையாயிற்று, ‘ஹேண்ட்’ வினையாயிற்று. நம் காலத்தில் ‘கூகுள்’ என்ற நிறுவனப் பெயர் வினையாகி, 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது.

சரி, தமிழில் இது உண்டா? நிச்சயமாக உண்டு, அதற்கு நம் இலக்கணத்தில் பெயரும் உண்டு. ‘அடி விழுந்தது’, ‘வெட்டு ஆழமாக இருக்கிறது’ என்கிறோம். அடி, வெட்டு இரண்டும் வினையின் முதனிலைகள், அதாவது பகுதிகள். விகுதி எதுவும் பெறாமல் அவையே பெயராக நிற்கின்றன. இதுதான் முதனிலைத் தொழிற்பெயர். ஆங்கிலத்தில் ‘கட்’, ‘வாக்’, ‘லாஃப்’ போன்ற வினைகள் பெயராவதை விளக்க இதைவிடக் கச்சிதமான சொல் வேண்டியதில்லை. கெடு ‘கேடு’ என்றும், சுடு ‘சூடு’ என்றும், பெறு ‘பேறு’ என்றும் நீண்டு பெயரானால் அது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆங்கிலத்தின் ‘சிங் – சாங்’, ‘ஃபீட் – ஃபுட்’ இணைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தமிழில் ‘மலர்’ பெயரும் ஆகும், வினையும் ஆகும், ‘விதை’யும் அப்படித்தான். இருந்தாலும் வாக்கியத்துக்குள் வந்ததும் ‘மலரை’, ‘மலர்ந்தது’ என்று வேற்றுமை உருபும் விகுதியும் அடையாளம் காட்டிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அந்தத் துணை குறைவு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அதன் வகையைச் சொல்லும். ‘தி’, ‘எ’, ‘மை’ இவற்றுக்குப் பின்னால் வந்தால் பெயர். ‘டு’, ‘வில்’, ‘கேன்’ இவற்றுக்குப் பின்னால் வந்தால் வினை. தமிழில் சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் சொல்லின் வகையே மாறிவிடும். புதிதாக வரும் பிறமொழிச் சொல்லைத் தமிழ் நேரடியாக வினையாக்குவதும் இல்லை. ‘செய்’ அல்லது ‘பண்ணு’ சேர்த்து ‘கூகுள் பண்ணு’ என்றுதான் சொல்கிறோம்.

பெயர் வினையாகும்போது பொருள் எந்தத் திசையில் போகும் என்பதுதான் இதில் மிகச் சுவையான பகுதி. ‘ஹேமர்’ வினையானால் சுத்தியலால் அடிப்பது, அது கருவி. ‘பாட்டில்’ வினையானால் பாட்டிலுக்குள் அடைப்பது, அது இடம். ‘பட்டர்’ வினையானால் வெண்ணெய் தடவுவது. ‘ஸ்கின்’ வினையானால் தோலை உரிப்பது. ஒன்றில் பொருளைச் சேர்க்கிறோம், இன்னொன்றில் எடுக்கிறோம். ‘டஸ்ட்’ இரண்டையும் செய்யும்: மேசையை ‘டஸ்ட்’ செய்தால் தூசியைத் துடைப்பது, கேக்கின் மேல் சர்க்கரையை ‘டஸ்ட்’ செய்தால் பொடியைத் தூவுவது. இதற்கு வாய்பாடு கிடையாது. அந்தப் பொருளை மனிதர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்ற பொது அறிவுதான் வழிகாட்டி. மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் துடை, தூவு, உரி, தடவு, அடை என்று தனித்தனி வினைகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒரே உருவில் இரண்டு சொற்கள் இருந்தாலே அது வகைமாற்றம் ஆகிவிடாது. கரடியைக் குறிக்கும் ‘பேர்’ என்ற பெயருக்கும், தாங்குதல் என்ற பொருளுடைய ‘பேர்’ என்ற வினைக்கும் உறவே இல்லை. வெவ்வேறு வழியாக வந்து தற்செயலாக ஒரே உருவில் நிற்கும் சொற்கள் அவை. ‘ரிங்’ இரண்டையும் ஒருசேரக் காட்டும். மணி அடிப்பது ஒரு ‘ரிங்’, அதன் இறந்தகாலம் ‘ரேங்’. வளையம் என்ற ‘ரிங்’ வேறு சொல். அது வினையாகி, படைகள் நகரத்தை வளைத்தன என்ற பொருளில் வரும்போது இறந்தகாலம் ‘ரிங்ட்’ ஆகிறது; அங்கே ‘ரேங்’ வராது. பெயரிலிருந்து புதிதாகப் பிறந்த வினை பொதுவான ‘ஈடி’ விகுதியையே ஏற்கும். இறந்தகால வடிவத்தைப் பார்த்தே ஒரு வினையின் பிறப்பை ஓரளவு ஊகிக்கலாம் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு.

பெயரடைகளும் வினையாகும்: ‘டிரை’, ‘எம்ப்டி’, ‘கிளீன்’, ‘ஸ்லோ’. ‘அப்ஸ் அண்ட் டவுன்ஸ்’, ‘இஃப்ஸ் அண்ட் பட்ஸ்’ என்று இடைச்சொற்கள்கூடப் பன்மை விகுதி ஏற்றுப் பெயராகின்றன.

இனி அழுத்தம். எழுத்து மாறாமல், உச்சரிப்பு மட்டும் மாறி வகைமாறும் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. ‘ரெக்கார்ட்’ என்ற எழுத்துக்கோவை பெயராக வரும்போது முதல் அசையில் அழுத்தம்: ‘ரெ’ ஓங்கி ஒலிக்கும். வினையாக வரும்போது இரண்டாம் அசையில் அழுத்தம். அப்போது ‘ரெ’ சுருங்கி ‘ரி’ ஆகிவிடும், ‘கார்ட்’ நிமிர்ந்து நிற்கும். ‘ஆப்ஜெக்ட்’ என்று முதலசையை அழுத்தினால் பொருள், அதாவது வஸ்து. ‘அப்ஜெக்ட்’ என்று அடுத்த அசையை அழுத்தினால் மறுப்புத் தெரிவித்தல். ‘பிரெசென்ட்’, ‘பெர்மிட்’, ‘காண்டக்ட்’, ‘இம்போர்ட்’, ‘இன்சல்ட்’ எல்லாம் இந்த வரிசைதான். பெயருக்கு முன்னசை, வினைக்குப் பின்னசை.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வது மட்டும் இல்லை. அழுத்தம் பெறும் அசை சற்று நீளும், சுருதியும் ஏறும். அழுத்தம் இழந்த அசையின் உயிரோ மங்கிப்போகும். நம் குற்றியலுகரம் மாத்திரையில் குறுகுவதுபோல, ஆங்கிலத்தில் அழுத்தமற்ற எந்த உயிரும் குறுகித் தெளிவற்ற ‘அ’வாகவோ ‘இ’யாகவோ ஆகிவிடக்கூடும். தமிழில் அசைகளை ஏறக்குறைய சமமாக ஒலிக்கிறோம். அழுத்தத்தை இடம் மாற்றினால் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. அதனால்தான் இரண்டு ‘ரெக்கார்ட்’டும் நம் காதில் ஒன்றாகவே விழுகின்றன, நம் வாயிலும் ஒன்றாகவே வருகின்றன.

இந்த வழக்கத்தின் வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே முன்னொட்டுள்ள பெயர்களில் முன்னொட்டிலும், வினைகளில் வேரிலும் அழுத்தம் விழுவது வழக்கம். லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக இந்தப் பழைய தடத்துக்குள் இறங்கின. 1570இல் வெளிவந்த ஓர் அகராதியைப் பார்த்தால் இப்படிப்பட்ட இணைகள் மூன்றே மூன்று: ‘ரெபெல்’, ‘அவுட்லா’, ‘ரெக்கார்ட்’. 1660இல் அது 24 ஆனது, 1700இல் 35, 1800இல் 70, 1934இல் 150. இலக்கணக்காரர்கள் யாரும் உட்கார்ந்து விதித்த விதி இல்லை இது. பேசுகிறவர்களின் வாயில் சொல் சொல்லாகப் பரவிய பழக்கம்.

அதனால்தான் விதிவிலக்குகளும் நிறைய. ‘ரிப்போர்ட்’, ‘ரெஸ்பெக்ட்’, ‘கண்ட்ரோல்’, ‘சர்ப்ரைஸ்’ ஆகியவற்றில் பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். ‘ஆன்சர்’, ‘விசிட்’, ‘பிராமிஸ்’ எப்போதும் முதலசையில். பெயரடையும் இந்த ஆட்டத்தில் சேரும். ‘கன்டென்ட்’ முதலசை அழுத்தத்தோடு வந்தால் உள்ளடக்கம், பின்னசை அழுத்தத்தோடு வந்தால் மனநிறைவோடு இருக்கும் நிலை.

அழுத்தம் நகராமல் ஒலி மட்டும் மாறும் இணைகளும் உண்டு. ‘யூஸ்’ பெயராக வரும்போது கடைசி ஒலி வெறும் மூச்சு. வினையாக வரும்போது அதே ஒலி வண்டின் ரீங்காரம்போல் அதிரும். ‘ஹவுஸ்’ என்ற சொல்லிலும் இதுவே. ‘செபரேட்’ பெயரடையானால் கடைசி அசை மங்கி ‘ரிட்’ என்று முடியும், வினையானால் ‘ரேட்’ என்று தெளிவாக ஒலிக்கும். கூட்டுவினைகளில் எழுத்தும் உதவிக்கு வருகிறது. ‘லாக் இன்’ என்று பிரித்து எழுதினால் வினை, ‘லாகின்’ என்று சேர்த்து எழுதி முதலசையை அழுத்தினால் பெயர். ‘செட் அப்’, ‘பிரேக் டவுன்’ இரண்டையும் இப்படியே எழுத வேண்டும்.

தமிழில் இவற்றை எப்படிச் சொல்வது? ‘கன்வெர்ஷன்’ என்பதற்கு வெறுமனே ‘மாற்றம்’ என்று போட்டால் எதுவும் விளங்காது. ‘சொல்வகை மாற்றம்’ என்றால் ‘டீச்’ என்பது ‘டீச்சர்’ ஆவதும் அதற்குள் அடங்கிவிடும், அங்கே விகுதி இருக்கிறதே. எனவே ‘உருமாறா வகைமாற்றம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். வினை பெயராகும் இடத்துக்கு மட்டும் முதனிலைத் தொழிற்பெயர் என்ற பழைய பெயரே போதும்.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு ‘அழுத்தம்’ வழக்கில் இருக்கிறது. மன அழுத்தத்தோடு குழம்பாமல் இருக்க ‘அசையழுத்தம்’ நல்லது. அது விழும் இடமும் அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும். இதற்கு நம் மரபில் ஒரு நெருங்கிய உறவும் இருக்கிறது. நன்னூல் எழுத்ததிகாரம் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிக்கும் முறைகளைச் சொல்கிறது. ‘வந்தான்’ என்பது வினைமுற்றும் ஆகும், வந்தவன் என்ற பொருளில் வினையாலணையும் பெயரும் ஆகும். அந்த இரண்டையும் ஓசையால் பிரிக்கலாம் என்று உரையாசிரியர்கள் சொன்னார்கள்: எடுத்துச் சொன்னால் வினை, படுத்துச் சொன்னால் பெயர். உரு ஒன்று, ஓசை வேறு, சொல்வகை வேறு. ‘ரெக்கார்ட்’ இணைக்கு இவ்வளவு அருகில் வரும் விளக்கம் நம் உரைகளிலேயே இருப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் எடுத்தலும் படுத்தலும் சுருதியின் ஏற்ற இறக்கம் பற்றியவை. அசையழுத்தம் நீளத்தையும் உயிரின் தெளிவையும் சேர்த்தது. ஆகவே அந்தப் பழைய சொற்களை விளக்கத்துக்குத் துணையாக வைத்துக்கொண்டு, கலைச்சொல்லாக அசையழுத்தத்தையே வழங்கலாம்.

ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடும்போது பொருளோடு நின்றுவிட வேண்டாம். உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் பெறுவது. ‘ரெக்கார்ட்’ போன்ற சொற்களில் பெயருக்கும் வினைக்கும் அந்தக் கோடு வெவ்வேறு இடத்தில் இருக்கும். சில சொற்களில் பெயருக்கே இரண்டு உச்சரிப்பு கொடுத்திருப்பார்கள். முகவரி என்ற பொருளில் வரும் ‘அட்ரஸ்’ பிரிட்டனில் பின்னசை அழுத்தம் பெறுகிறது, அமெரிக்காவில் பலரும் முன்னசையை அழுத்துகிறார்கள். வினையாக வரும்போது இரண்டு நாட்டிலும் பின்னசைதான். 1570இல் மூன்று சொற்களோடு தொடங்கிய பட்டியலில் இந்தச் சொல் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டிருக்கிறது, பிரிட்டனில் இன்னும் சேரவில்லை.