பிளஸ் குறி இருந்தால் மட்டும் கீகேப் பொருந்திவிடாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினிப் பழுது பார்க்கும் நான், ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக, பசை ஊற்றப்பட்ட லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) மெக்கானிக்கல் கீபோர்டை, அதாவது ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டைப் பிரிக்க நேர்ந்த எரிச்சலில் இதை எழுதுகிறேன். கொண்டுவந்தவர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி வேலை செய்யும் பெண்மணி. அவர் பயன்படுத்தும் தமிழ்99 முறையில் புள்ளி வைக்கும் எஃப் விசை அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. அதன் கீகேப்பை, அதாவது விசையின் மேல் மாட்டும் எழுத்து மூடியை, அவர் மாற்றியிருந்தார். "கீகேப்பிலும் பிளஸ், ஸ்விட்சிலும் பிளஸ்தானே அண்ணா; கொஞ்சம் ஆடியது, அதனால் ஒரு சொட்டுப் பசை வைத்தேன்" என்றார். அந்த ஒரு சொட்டு, ஸ்விட்சில் கீகேப்பைத் தாங்கும் தண்டின் வழியே இறங்கி, ஸ்விட்சின் உள்ளே கண்ணாடிபோல் உறைந்திருந்தது.

"பிளஸ் என்றால் எல்லாம் ஒன்று" என்னும் இந்த நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். பிளஸ் வடிவம் கீகேப்பும் தண்டும் கோத்துக்கொள்ளும் இடத்தை மட்டுமே சொல்கிறது. உயரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. செர்ரி நிறுவனத்தின் வழக்கமான எம்எக்ஸ் ஸ்விட்ச் 18.5 மில்லிமீட்டர் உயரமும் 4 மில்லிமீட்டர் அழுந்தும் தூரமும் கொண்டது; அதே நிறுவனத்தின் லோ புரொஃபைல் ஸ்விட்சோ 11.9 மில்லிமீட்டர் உயரமும் 3.2 மில்லிமீட்டர் அழுந்தும் தூரமும்தான் உடையது. உயரமான ஸ்விட்சுக்கென்று வார்த்த கீகேப்பை இந்தக் குட்டையான ஸ்விட்சில் மாட்டினால், தண்டு முழுதாக இறங்குவதற்குள் கீகேப்பின் விளிம்பு கீழே உள்ள தகட்டில் முட்டக்கூடும், அல்லது அதன் உட்குழாய் ஸ்விட்சின் மூடியில் இடிக்கக்கூடும். ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பிடிப்புக் குறைவு என்று நினைத்துப் பசை வைப்பது வீண்.

கைல் நிறுவனத்தின் சாக் என்னும் லோ புரொஃபைல் ஸ்விட்சின் முதல் பதிப்பில் பிளஸ்ஸே கிடையாது. கீகேப்பின் அடியில் உள்ள இரண்டு மெல்லிய கால்கள் ஸ்விட்சின் இரு பிளவுகளில் இறங்கும்; சாய்த்துப் பிடுங்கினால் ஒரு கால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும், அதை ஊசிமுனையால் எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. இரண்டாம் பதிப்பில் பிளஸ் வந்ததால், "சாக்" என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் மறுபடியும் ஏமாறுகிறார்கள்.

விசை இடைவெளியையும் அளந்து பாருங்கள். வழக்கமான இடைவெளி 19.05 மில்லிமீட்டர், சாக் ஸ்விட்சுக்கென வரும் சில கீபோர்டுகளில் அது குறுக்கே 18, நெடுக்கே 17 மில்லிமீட்டர் என்று இருக்கும், அங்கே சாதாரண கீகேப்புகள் ஒன்றோடொன்று உரசும். ஒளியால் இயங்கும் ஆப்டிகல் ஸ்விட்சை மெக்கானிக்கல் ஸ்விட்சுக்கான சாக்கெட்டில் (ஸ்விட்சைச் செருகிக் கழற்றும் துளையில்) செருகுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. முதுநகர்ப் பக்கத்துக் கடல் காற்றில் பச்சை பூத்த பின்களே எனக்குப் போதுமான வேலை தருகின்றன.

முழுத் தொகுப்பை வாங்குவதற்கு முன் உங்கள் கீபோர்டிலிருந்து ஒரே ஒரு கீகேப்பை கம்பிப் புல்லரால் (கீகேப் கழற்றும் கருவியால்) நேராக மேல்நோக்கிக் கழற்றி, தண்டின் வடிவத்தைப் படம் எடுத்து, ஸ்விட்சின் மாடல் பெயரோடு விற்பவரிடம் காட்டுங்கள். "பொருந்தும்" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு விசையில் மாட்டி அடிவரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பேஸ் பாரை மறக்காமல் தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் அதன் அகலமும், அதைச் சாயாமல் தாங்கும் கம்பி பிடிக்கும் இடமும் கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும்.

பசையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தப் பெண்மணியின் கீபோர்டில் சாக்கெட் இல்லாததால், எஃப் ஸ்விட்சின் ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாகப் பற்ற வைக்க வேண்டியிருந்தது. அதுவரை இரண்டு நாட்கள் அவர் புள்ளிக்காக வேறொரு கீபோர்டை இரவல் வாங்கி வைத்திருந்தார்.