தொட்டிக்குக் கீழே பாருங்கள்

என் தந்தையார் ஐ.சி.எஃப். என்னும் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும், அதையொட்டி அவரைப் பந்தலும், சுவரோரத்தில் நித்தியமல்லியும் இருந்தன. வீட்டுக்குள் இருந்த தொட்டிச் செடிகளுக்கு மட்டும் அவரே தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் குனிந்து அடித்துளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முதல் சொட்டு வந்துட்டா போதும்மா, அதுக்கு மேல ஊத்தறது செடிக்கு இல்ல, தரைக்கு" என்பார். ஒவ்வொரு தொட்டியும் மூன்று செங்கல் துண்டுகளின் மேல் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை அதன் விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, அடியில் கையை விட்டு ஈரம் தங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

செடி வளர்க்கும் ஆசையும் அந்தத் தடவிப் பார்க்கும் பழக்கமும் அவரிடமிருந்தே எனக்கு வந்தன. கட்டடங்களைச் சோதித்துப் பழுது நீக்கும் பொறியாளராக, சென்னையின் மொட்டைமாடிகளில் நான் இன்று செய்வதும் பெரும்பாலும் அதையேதான். மாடித் தோட்டம் வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. என் வீட்டு மாடியிலும் மணத்தக்காளியும் தூதுவளையும் இருக்கின்றன. மண்ணில் தோட்டம் போட்டுப் பழகிய பெற்றோரின் ஆசையை நாம் அப்படியே கான்கிரீட் தளத்துக்கு ஏற்றிவிடுகிறோம், ஆனால் அந்தத் தளம் எதைத் தாங்கும் என்று கேட்பதில்லை என்பதே என் கவலை.

மேற்கு மாம்பலத்தில் முப்பத்தைந்து ஆண்டுப் பழைய அடுக்குமாடி ஒன்றின் மேல்தள வீட்டிலிருந்து, படுக்கையறையின் சீலிங் பெயர்ந்து விழுந்ததாக அழைப்பு வந்தது. அறையின் நடுவில், கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு முறம் அளவுக்குப் பூச்சும் அதன் பின்னாலிருந்த கான்கிரீட்டும் உதிர்ந்து, துருவேறிய கம்பிகள் பழுப்பு வரிகளாகத் தெரிந்தன. இரவில் விழாததால் யாருக்கும் காயமில்லை. மேலே ஏறிப் பார்த்தபோது, இருநூறு லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்துச் செய்த ஏழு தொட்டிகள், சரியாக அந்த அறையின் நடுப்பகுதிக்கு மேல் வரிசையாக நின்றன. தனி வீட்டை விற்றுவிட்டு வந்தபோது, மறைந்த தாயார் அங்கே வளர்த்த எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாவற்றையும் மகன் வேரோடு கொண்டுவந்து வைத்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவை அங்கேயே நின்றிருந்தன. ஒரு தொட்டியைச் சாய்த்துக் கையை விட்டேன். சேறு போல ஈரம்.

எடைக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு, ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமை என்று கணக்கிடச் சொல்கிறது; ஆட்கள் ஏறாத கூரைக்கு அதில் பாதிதான். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் சுருக்கியும், அதன்மேல் பதிக்கும் தட்டோடும் இந்தக் கணக்கில் சேராது, அவை தனி. நனைந்த தோட்டமண் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.8 கிலோ இருக்கும் என்பதால், அந்த அரை டிரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 170 கிலோ. ஏழும் சேர்ந்தால் 1,200 கிலோ, அதாவது இருபது பேர் ஓர் அறையின் கூரை நடுவில் இரவும் பகலும் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றதற்குச் சமம். சிறிய பைகள்தானே என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பையை வெறும் மண்ணால் நிரப்பினால் நனைந்தபின் 35 கிலோவைத் தாண்டும். அவற்றை இடைவெளியின்றி அடுக்கினால் ஒரு சதுர மீட்டருக்குள் பதினொன்று அடங்கி, சுமை 400 கிலோவை நெருங்கும். மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் அதே பை 25 கிலோ அளவில் நிற்கும். அப்படியும் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு பைகளோடு நிறுத்திக்கொண்டு, கனமானவற்றைக் கீழ்த்தளச் சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே, மாடித் தரையின் ஓரமாக வைப்பதே சரி.

எடையைவிட நான் அதிகம் அஞ்சுவது தண்ணீரைத்தான். தொட்டி நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் வெயிலும் காற்றும் படுவதே இல்லை. தட்டோடுகளின் இணைப்புகள் வழியே நீர் மெல்ல இறங்கி, சுருக்கியில் ஊறி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சேர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பி உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும். பூ நிறையப் பூக்கட்டும் என்று பலர் அள்ளிப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும் மெல்லிய படலத்தைக் கெடுப்பது அந்தக் குளோரைடுதான் என்பதை இதற்குமுன் யாரும் தங்களுக்குச் சொன்னதில்லை என்று பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். சீலிங்கில் வெள்ளையாக உப்புப் பூப்பது, பெயின்ட் கொப்புளிப்பது, கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் விடுவது, தட்டினால் பொள்ளல் ஓசை வருவது ஆகியவற்றைக் கண்டால், மேலே ஒரு பூச்சு பூசி மறைக்காமல் உடனே பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. சருகும் மண்ணும் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, மாடியில் நான்கு அங்குலம் நீர் தேங்கினால், அதுவே சதுர மீட்டருக்கு 100 கிலோ. தொட்டிகள் அதற்கு மேல். 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளும் இந்த மண்ணால்தான் பல வீடுகளில் தூர்ந்துபோயிருக்கின்றன. கைப்பிடிச்சுவர் மேல் எந்தத் தொட்டியும் வேண்டாம், புயல்காற்றில் கீழே விழுந்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியதை மறந்தவர் யாரும் இங்கே இருக்க முடியாது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் கட்டிய தளத்தின் மேல், துளசி மாடத்துக்கு மிஞ்சி எதையும் வைக்கக் கூடாது. சுவருக்குள் புதைந்த உத்திர முனை மக்கியிருப்பது வெளியே தெரியாது.

இவற்றைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேற்கு மாம்பலத்து மகன், "அம்மா கையால வெச்ச மரம் மேடம், வெட்டிடச் சொல்லாதீங்க" என்றுதான் முதலில் சொன்னார். வெட்டச் சொல்லவில்லை. எலுமிச்சையில் பென்சில் கனமுள்ள கிளை ஒன்றில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டிப் பதியம் போட்டோம். இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரிந்தன. அதை வெட்டி எடுத்து, இலேசான கலவை நிரப்பிய பையில் நட்டு, கீழ்த்தளச் சுவருக்கு நேர் மேலே, மாடித் தரையிலேயே செங்கல் துண்டுகளின் மீது வைத்தார். பெரிய எலுமிச்சையும் கறிவேப்பிலையும் குடியிருப்போர் ஒப்புதலுடன் கீழே காம்பவுண்டு ஓர மண்ணுக்கு இறங்கின. கம்பிகளின் துருவைச் சுரண்டி, தளத்தைச் சீரமைத்து, நீர்க்காப்புப் போட்டு முடிக்க ஆறு வாரம் ஆனது. வேலை முடிந்த நாளில் அவருடைய பத்து வயது மகள் புதுப் பைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன். சொட்டு வந்ததும் குவளையை நிமிர்த்தினாள்.