நோய் இல்லை, சரி. நலம் இருக்கிறதா?

"எனக்கு ஒண்ணுமில்லைங்க, பையன்தான் கூட்டிட்டு வந்தான்" என்றபடி என் ஆலோசனை அறையில் உட்கார்ந்தார் அந்தப் புதுச்சேரிக்காரர். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. (இங்கே வரும் இருவரின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) தூக்கம் சரி, பசி சரி. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன்; மதிப்பெண் 4-ஐத் தாண்டவில்லை. அவர் சீட்டில் எழுத எந்த நோயின் பெயரும் இல்லை.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

காலையில் டீக்கடை. அப்புறம் மத்தியானச் சாப்பாடு. நடுவில் நாலு மணி நேரம் எங்கே போனது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "முன்னாடி சங்கு ஊதும்" என்று மட்டும் சொன்னார்.

அவரைப் பார்த்தபோது சமூக உளவியலாளர் மரீ யஹோடாதான் நினைவுக்கு வந்தார். 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில், நெசவாலை மூடப்பட்ட மரியன்தால் என்ற ஊரை ஆராய்ந்த குழுவில் ஒருவர் அவர். அங்கே ஆண்களின் நடை வேகமே தளர்ந்திருந்தது. நாள் முழுக்க நேரம் கிடந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது.

அதே யஹோடா 1958-இல் அமெரிக்காவில் நேர்மறை மனநலம் பற்றி எழுதியபோது, நோயில்லாமல் இருப்பது மட்டும் நலம் ஆகாது என்றார். ஊரோடு ஒத்துப்போவதும் போதாது, சந்தோஷமாக இருப்பதும் போதாது. அவர் பார்க்கச் சொன்னவை ஆறு: தன்னை உள்ளபடி ஏற்பது, வளர்வது, அழுத்தத்தில் சிதறாமல் நிற்பது, சொந்தமாக முடிவெடுப்பது, நடப்பை நடப்பாகவே பார்ப்பது, சூழலைச் சமாளிப்பது. இதில் சொந்த முடிவு என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உரசல் உண்டு. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுப்பவரைத் தன்னிச்சை இல்லாதவர் என்று நம் ஊரில் எப்படிச் சொல்வது?

சந்தோஷத்தை அவர் ஏன் தள்ளிவைத்தார் என்பது 'தானே' புயலுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயல் அது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. "அக்கா ஓயாம அழுவுது, மாத்திரை குடுங்க" என்று ஒரு பெண்ணைத் தங்கை அழைத்து வந்தார். என்னிடம் மாத்திரை கிடையாது, நான் டாக்டர் இல்லை. அந்த அக்கா அழுதுகொண்டேதான் பேசினார்: நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்த்தாகிவிட்டது, சாய்ந்த மரத்துக்கு விலை பேசுகிறார்கள், ஒட்டுக்கன்று எங்கே வாங்கலாம் என்று விசாரித்திருக்கிறார். தோப்பே போனபின் அழாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

கோரி கீஸ் என்ற சமூகவியலாளர் இதை இரண்டு தனிக் கோடுகளாகப் பிரித்தார். நோய் ஒரு கோடு, நலம் இன்னொரு கோடு. நோய்க் கோட்டில் எதுவுமே இல்லாதவர்கூட நலக் கோட்டில் அடியில் கிடக்கலாம். 2002-இல் வந்த கட்டுரையில் அந்த நிலையை வாடிக் கிடப்பது என்ற பொருளில் குறிப்பிட்டார். நம் ஃபிட்டர் அங்கேதான் இருந்தார். (சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அது வேறு விஷயம்; தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.)

அவருக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மில்லில் என்ன மெஷின் பார்த்தீர்கள் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். காற்றில் ஸ்பேனர் பிடித்துக் காட்டிய கை நடுங்கவே இல்லை.

மூன்றாவது முறை வந்தபோது வாசலில் நின்றபடியே கேட்டார்: "பத்து மணிக்குள்ள விட்டுடுவீங்களா? கோயில் மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்."