சராசரிக்கு முன் நிகழ்வெண் அட்டவணை

கோலாலம்பூரில் முதுகலை மாணவர்களும் சமூக அமைப்பினரும் கொண்டுவரும் கேள்வித்தாள் தரவுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலோர் கேட்பது, "எந்தப் புள்ளியியல் சோதனை போடலாம்?" என்பதுதான். ஒவ்வொரு மாறிக்கும், அதாவது வயது, வருமானம் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும், எந்த விடையை எத்தனை பேர் தந்தார்கள் என்று காட்டும் நிகழ்வெண் அட்டவணை எடுத்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால், அநேகமாக இல்லை என்பதே பதில். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ், ஃப்ரீக்வென்சீஸ் என்று மூன்று சொடுக்கில் முடிகிற வேலை அது. அதைத் தாண்டிக் குதிப்பதால் வரும் கேடு பெரிது.

வயதைச் சொல்ல விரும்பாதவருக்கு 99 என்று குறியிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 200 பேரில் 12 பேர் வயதைச் சொல்லவில்லை, மற்ற 188 பேரின் சராசரி வயது 42 என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் வியூ பக்கத்தில் மிஸ்ஸிங் என்ற கட்டத்தில் 99ஐ விடுபட்ட மதிப்பாகப் பதிவு செய்ய மறந்தால், மென்பொருளுக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவர்கள். சராசரி 45.42 என்று வரும். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆய்வேடு அப்படியே அச்சுக்குப் போய்விடும். அதே இடத்தில் 999 என்று குறியிட்டிருந்தால் சராசரி 99.42 ஆகியிருக்கும், தவறு உடனே கண்ணில் பட்டிருக்கும். கத்திக் காட்டிக்கொடுக்கும் குறியீடுதான் நல்ல குறியீடு என்பேன். ஆனால் மாத வருமானத்தை ரிங்கிட்டில் கேட்கும்போது 999 உண்மைத் தொகையாகவே இருக்கலாம்; அங்கே -9 போன்ற எதிர்ம எண்ணே பாதுகாப்பு. எப்படிக் குறியிட்டாலும் நிகழ்வெண் அட்டவணையின் முதல் வரிசைகளையும் கடைசி வரிசைகளையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்த அட்டவணையில் பெர்சென்ட், வேலிட் பெர்சென்ட் என்று இரண்டு விழுக்காட்டுப் பத்திகள் அடுத்தடுத்து நிற்கும். முதலாவது கேட்கப்பட்ட எல்லோரையும் வைத்துப் போடுவது, இரண்டாவது பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துப் போடுவது. நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். ஊழியர் சேமநிதியில் சேமிப்பு இருக்கிறதா என்று 200 பேரைக் கேட்கிறோம். 110 பேர் பதில் சொல்கிறார்கள், அவர்களில் 66 பேர் "ஆம்" என்கிறார்கள். முதல் பத்தியில் 33 விழுக்காடு, இரண்டாவதில் 60. இரண்டும் சரியான கணக்கு. ஆனால் 60ஐ மட்டும் எடுத்து எழுதினால், வாய் திறக்காத 90 பேரும் பேசியவர்களைப் போலவே இருப்பார்கள் என்று சொல்லாமல் சொல்கிறோம். சேமிப்பு இல்லாதவர்கள்தாம் கூச்சப்பட்டு அந்தக் கேள்வியைத் தாண்டியிருந்தால்? நம் சமூகத்தின் நிலையை எடுத்துச் சொல்லி உதவி கேட்கும் மனுவில் அந்த 60 ஏறிவிட்டால், உதவி தேவைப்படும் குடும்பங்கள் காகிதத்திலேயே காணாமல் போய்விடுகின்றன. கேள்வி பொருந்தாதவருக்கு ஒரு குறியீடு, பதில் மறுத்தவருக்கு வேறு குறியீடு என்று பிரித்து வையுங்கள். முதல் வகையினரை விலக்கிவிட்டு விழுக்காடு போடுவது நியாயம்; இரண்டாம் வகையினரை விலக்கினால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

வருமானத்துக்குச் சராசரியை மட்டும் கொடுப்பவர்களிடம் மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்கைக் காட்டுவேன். 2022இல் குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் தொகையான இடைநிலை 6,338 ரிங்கிட். அதிகம் சம்பாதிக்கும் சில குடும்பங்கள் சராசரியை இரண்டாயிரத்துக்கும் மேல் இழுத்துக்கொண்டு போகின்றன. இடைநிலை வேண்டுமென்றால் எஸ்பிஎஸ்எஸ்ஸில் டிஸ்கிரிப்டிவ்ஸ் என்ற கட்டளைக்குப் போகாதீர்கள், அதில் இடைநிலையே கிடையாது. ஃப்ரீக்வென்சீஸ் பெட்டியில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் பேசும் மொழிக்குத் தமிழ் 1, மலாய் 2, ஆங்கிலம் 3 என்று எண் கொடுத்துவிட்டு, அதற்கும் சராசரி 1.8 என்று எழுதியவர்கள் உண்டு. அந்த எண்கள் பெயர்ப்பலகைகள். கூட்டவும் வகுக்கவும் முடியாது. மேலும், இங்குள்ள வீடுகளில் மூன்று மொழியும் புழங்கும். ஒருவர் பல விடைகளைக் குறிக்கலாம் என்றால் ஒவ்வொரு மொழிக்கும் தனி மாறி வைத்து, எஸ்பிஎஸ்எஸ்ஸின் மல்டிபிள் ரெஸ்பான்ஸ் கட்டளை வழியாக அட்டவணை எடுங்கள். ஆட்களை அடிப்படையாக வைத்துப் போடும் விழுக்காடுகளின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். அது பிழையன்று.

எஸ்பிஎஸ்எஸ் உரிமம் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி என்ற மென்பொருளே போதும். ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடுபட்ட மதிப்பு இருந்தால் அதன் சராசரிக் கட்டளை விடை தர மறுத்துவிடும், அட்டவணைக் கட்டளையோ சத்தமில்லாமல் அவற்றை விட்டுவிட்டு எண்ணும். அவற்றையும் காட்டச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும், அட்டவணைத் தலைப்பிலேயே "கேட்கப்பட்டோர் 200, பதிலளித்தோர் 110" என்று எழுதிவிடுங்கள்.