பூட் ஆகவில்லையா? டிஸ்க்கைத் துடைத்துவிடாதீர்கள்

செமஸ்டர் முடியும் நேரத்தில் ஒரு பொறியியல் மாணவி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். விண்டோஸோடு சேர்த்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். உபுண்டு இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து, லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்குள், டிஸ்க்கை அணுகும் முறை ஆர்எஸ்டி என்று இருந்ததை ஏஹெச்சிஐ என்று மாற்றினார். உபுண்டுவுக்கு டிஸ்க் தெரிந்துவிட்டது, ஆனால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுபோனது. விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் போட்டுவிடு என்று விடுதியில் சொல்லியிருக்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. அந்தப் பயம்தான் அவரை என்னிடம் கொண்டுவந்தது.

நான் செய்தது ஒரே வேலை. ஏஹெச்சிஐயைத் திரும்ப ஆர்எஸ்டி ஆக்கினேன். விண்டோஸ் திறந்துகொண்டது.

லேப்டாப் பூட் ஆகாததும் டேட்டா அழிவதும் வேறு வேறு விஷயங்கள். பூட் ஆகாத லேப்டாப்பில் பெரும்பாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். பதற்றத்தில் நாம் செய்யும் அடுத்த வேலைதான் அவற்றை அழிக்கிறது.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது; பேச்சில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்) உள்ள லேப்டாப்பில் பூட் ஆவதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் ஃபேட்32 வடிவில் ஒரு சின்ன பார்ட்டிஷன், அதாவது தனியாகப் பிரித்த பகுதி, இருக்கும். விண்டோஸே அமைத்தால் வழக்கமாக 100 எம்பி. பூட் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. அப்புறம், டிஸ்க்கை எந்த முறையில் அணுகுவது என்ற பயாஸ் அமைப்பு. மூன்றாவது பிசகினால் அந்த மாணவிக்கு வந்தது போல நீலத் திரை வரலாம். முதல் இரண்டில் எது பிசகினாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே செய்திதான்: பூட் செய்ய எதுவும் இல்லை. அதைப் படிக்கிறவர் டிஸ்க் போய்விட்டது என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் பயாஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு அந்தக் குறிப்பு மட்டும் காணாமல் போயிருக்கலாம். விண்டோஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தால் பூட் கோப்புகளும் குறிப்பும் திரும்ப எழுதப்படும். லினக்ஸ் என்றால் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையும் போதும்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொரு இடத்தில். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் சில லேப்டாப்களில் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. அந்த முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்டாலர் பழைய பயாஸ் முறையில் ஓடும். டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருப்பதால், இதில் விண்டோஸைப் போட முடியாது என்று சொல்லிவிடும். உடனே இணையத்தில் தேடுவார்கள். ஷிஃப்ட், எஃப்10 அழுத்து, டிஸ்க்பார்ட் திற, கிளீன் என்று தட்டு என்று பதில் கிடைக்கும். கிளீன் என்பது ஒரு பார்ட்டிஷனை அழிப்பது இல்லை, அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை மொத்தத்தையும் துடைப்பது. டி டிரைவில் இருக்கும் குழந்தையின் படங்களும் அதோடு போகும். செய்ய வேண்டியதோ மிகச் சின்ன வேலை: வெளியே வந்து, யூஇஎஃப்ஐ என்று முன்னால் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி பூட் செய்வது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால், ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுத்துப் பென் டிரைவைப் புதிதாகத் தயாரியுங்கள்.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாவிட்டாலும் பதற வேண்டாம். 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் முதல் பல லேப்டாப்களில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் பட்டியல் காலியாக இருக்கும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரிந்துவிடும்.

லினக்ஸ் போடுவதென்றால், கையொப்பம் இல்லாத பூட் கோப்பை ஓடவிடாத செக்யூர் பூட் அமைப்பை எல்லோரும் முதலில் அணைக்கச் சொல்கிறார்கள். உபுண்டு, ஃபெடோரா இரண்டும் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட பூட் கோப்போடு வருவதால் பொதுவாக அதற்குத் தேவை இருக்காது. அதற்காக அது தொல்லையே தராது என்று சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளங்கள் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் திறக்கவே இல்லை. லினக்ஸ் அழிந்துவிடவில்லை, அதன் பழைய பூட் கோப்பை ஏற்க மறுக்கும் கொள்கையை அந்த அப்டேட் எழுதியிருந்தது. அன்றும் அவசரப்பட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் இருந்தார்கள்.

பயாஸில் எதைத் தொடுவதானாலும், அதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் பாருங்கள். இதை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். பல புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பூட்டியிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. செக்யூர் பூட்டை அணைத்தாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ, அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் இல்லையென்றால் என்னாலும் எதுவும் செய்ய முடியாது. இதைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது போல இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை வேறில்லை.

அந்த மாணவிக்கு உபுண்டு வேண்டும் என்ற ஆசை போகவில்லை. சரி, முறையாகவே செய்வோம் என்றேன். முதலில் புராஜெக்டை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தோம். பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தது. மீட்பு எண்ணைத் தேடினால் அவர் கணக்கில் இல்லை. வாங்கிய அன்று லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். எண் அண்ணனின் கணக்கில் இருந்தது. போனில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிட்லாக்கரை அணைத்து, பூட்டு முழுவதும் அவிழும்வரை காத்திருந்தோம். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டைத் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடு) தேர்வு செய்து ரீஸ்டார்ட் கொடுத்தோம். விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றினோம். சேஃப் மோடில் விண்டோஸ் அதற்கான டிரைவரைத் தானாகவே ஏற்றுக்கொண்டது. சேஃப் பூட்டை நீக்கி மறுபடி ரீஸ்டார்ட் செய்தபோது நீலத் திரை வரவில்லை.

உபுண்டு இன்ஸ்டாலரை அவரே ஓட்டினார். டிஸ்க் பட்டியலில் வந்தது. விண்டோஸுக்கு அருகில் அதையும் நிறுவும் வரியைத் தேர்ந்தெடுத்தார். எண் எழுதிய தாளை லேப்டாப் பைக்குள் வைக்கப் போனார். அதை வீட்டில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.